மரை வெட்டிய குழலுக்கு ஆசைப்படாதீர்கள்

.22 ரைபிள் வாங்க யோசனை கேட்டு என்னிடம் வருகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். எல்லோர் கைப்பேசியிலும் ஏறக்குறைய ஒரே வீடியோதான். பச்சைப் புல்வெளி, போல்ட் இழுத்துச் சுடும் ஒல்லியான ரைபிள், குழல் முனையில் உருளையாக ஒரு சைலன்சர். ‘டப்’பென்று ஒரு சின்னச் சத்தம் வரும், தூரத்தில் முயல் சாயும். “இந்த மாதிரி ஒண்ணு நம்ம பக்கம் கெடைக்குங்களாண்ணா?” என்பார்கள்.

கிடைக்காது. யாராவது கிடைக்கும் என்று சொன்னால் அந்த ஆளின் நம்பரை அழித்துவிடுங்கள்.

இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அந்த வீடியோவைப் பார்த்துப் புத்தி கெட்டு, சில வருஷங்களை வீணாக்கி, கடைசியில் முறையான லைசென்ஸோடு ஒரு .22 ரைபிளை வீட்டில் வைத்திருக்கிறவன் நான். எங்கள் ஊரில் இரண்டு பேர் என்னைக் கேலி செய்தார்கள். அவர்களும் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

ராசிபுரம் பக்கம், போதமலை அடிவாரத்தில் எங்கள் காடு. குச்சிக்கிழங்கும் கடலையும்தான் வெள்ளாமை. கிழங்கு திரளும் நேரத்தில் காட்டுப்பன்னி வந்து உழுதுவிடும். கடலை விதைத்த மறுநாள் மயில் வந்து பொறுக்கும். மழைக்குப் பிறகு முளைக்கிற இளங்குருத்தை முயல் கடிக்கும். உங்கள் நிலைமையும் இதுதான் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். மலையடிவாரத்தில் நாலு ஏக்கர், வெளிநாட்டில் ஒரு சொந்தக்காரன், பரணில் தாத்தா காலத்து வேட்டைக் கதைகள். இதில் எதுவும் உங்களுக்கு இல்லையென்றால் துப்பாக்கி ஆசை எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

என் விஷயத்தில் ஆசையைக் கிளப்பியவன் மச்சினன். நியூசிலாந்தில் தென்தீவில் இருக்கிறான். அங்கே முயல் என்றால் பூச்சி மாதிரி. 19-ஆம் நூற்றாண்டில் குடியேறிய வெள்ளைக்காரர்கள் கொண்டுபோய் விட்டது, பெருகி மேய்ச்சல் நிலத்தையே தின்றுவிட்டது. அதனால் முயலைச் சுடுவது அங்கே பண்ணை வேலைகளில் ஒன்று. துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும், சைலன்சரைக் கடையில் சும்மா வாங்கலாம். பக்கத்துப் பண்ணைக்காரன் தூக்கம் கெடக் கூடாது, சுடுகிறவன் காது கெடக் கூடாது என்று அதைப் போடச் சொல்லி ஊக்குவிக்கவும் செய்கிறார்கள். மச்சினன் அங்கே வாங்கியது செக்கோஸ்லோவாக்கியா காலத்திலிருந்தே பேர் பெற்ற கம்பெனியின் ரைபிள். குழல் முனையில் சைலன்சர் மாட்ட மரை வெட்டியே வரும். “மச்சான், மரை இருக்கற குழலாப் பாத்து வாங்குங்க, அப்பறம் எதுவா இருந்தாலும் மாட்டிக்கலாம்” என்றான். அதோடு நிற்காமல் கம்பெனி விளம்பரத் தாளையும் அனுப்பி வைத்தான். அழகான படம். ரைபிளும் சைலன்சரும் பக்கத்தில் பக்கத்தில்.

அந்தத் தாள்தான் என்னைக் கெடுத்தது.

நான் செய்த தப்புகளில் மற்றதெல்லாம் பணத்தோடு போயிற்று. விண்ணப்பத்தில் செய்த தப்பு மட்டும்தான் காலத்தைத் தின்றது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

துப்பாக்கி லைசென்ஸுக்கான விண்ணப்பத்தில், எதற்காக வேண்டும் என்று கேட்டு ஓர் இடம் இருக்கும். அதை நிரப்புவதற்கு முன் நான் பெரியப்பா மகனிடம் போனேன். அண்ணன் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், சட்டமெல்லாம் தெரியும் என்று குடும்பத்தில் பேர். “கவர்மெண்டுக்குப் பொய் எழுதக் கூடாது தம்பி. என்னத்துக்கு வேணுமோ அதயே எழுது” என்றார். நானும் எழுதினேன். பயிர்ப் பாதுகாப்பு மற்றும் சிறு வேட்டை. எந்த வகைத் துப்பாக்கி என்ற இடத்தில் .22 போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் என்று எழுதினேன். விவரம் தெளிவாக இருக்கட்டும் என்று மச்சினன் அனுப்பிய விளம்பரத் தாளை அச்செடுத்துப் பின்னால் குத்தியும் வைத்தேன்.

ஒரே விண்ணப்பத்தில் மூன்று ஓட்டை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் ஓட்டை, வேட்டை என்ற சொல். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வந்த பிறகு, பொழுதுபோக்கு வேட்டை என்று ஒன்று இந்த நாட்டில் இல்லை. முயல் முன்பு நான்காம் அட்டவணையில் இருந்தது. 2022-இல் சட்டத்தைத் திருத்தி, 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அட்டவணைகளைச் சுருக்கினார்கள். முயல் இப்போது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது, காட்டுப்பன்றியும் அதே அட்டவணைதான். மயில் முதல் அட்டவணை, அதன் பக்கமே போக வேண்டாம். முயலைச் சுட்டால் மூன்று வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். சுட முயன்றாலே சட்டத்தின் கண்ணில் அது வேட்டைதான், முயல் சாக வேண்டியதில்லை. சுட்ட துப்பாக்கியும் போன வண்டியும் அரசுடைமை ஆகிவிடும். தண்டனை உறுதியானால் துப்பாக்கி லைசென்ஸை ரத்து செய்து, ஐந்து வருஷத்துக்கு வேறு லைசென்ஸுக்குத் தகுதியில்லை என்று நீதிமன்றம் உத்தரவிடவும் முடியும். இப்படிப்பட்ட ஒரு குற்றத்தைச் செய்யப் போகிறேன், அதற்கு ஒரு துப்பாக்கி கொடுங்கள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான். ஏட்டு அண்ணன் சொன்ன உண்மை இதுதான்.

தாத்தா காலத்துக் கதைகளை நம்பி வருகிறவர்களுக்கும் இதுவே பதில். கௌதாரி, காடை, முயல் என்று அவர்கள் அடித்ததெல்லாம் அந்தக் காலத்துச் சட்டத்தில். நரிக்குறவர்கள் தோளில் நாட்டுத் துப்பாக்கியோடு எங்கள் காட்டு வரப்பில் நடந்து போனதை நானே சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அவர்கள் வாழ்க்கையையே மாற்றிப் போட்ட சட்டம் இது. ஞாயிற்றுக்கிழமை ஆசைக்காரனை விட்டுவிடுமா?

இரண்டாவது ஓட்டைதான் என்னைப் பல இரவுகள் தூங்கவிடாமல் செய்தது. ஏனென்றால் சட்டத்தில் எனக்கு ஒரு கதவு திறந்தே இருந்தது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். மறுப்பதற்குச் சட்டம் சொல்கிற வேறு காரணங்கள் இல்லாதபோது லைசென்ஸ் கொடுத்தாக வேண்டிய சில இனங்களை அது தனியாகச் சொல்கிறது. 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட, உள்ளே வரியில்லாத துப்பாக்கி, தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ. வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு. பிறகு .22 ரைபிள் அல்லது ஏர் ரைபிள், மத்திய அரசு அங்கீகரித்த ரைபிள் கிளப்பிலோ சங்கத்திலோ உறுப்பினராக இருப்பவரின் இலக்குப் பயிற்சிக்கு. இதில் அடங்காத எதைக் கேட்டாலும் தக்க காரணம் இருக்கிறது என்று அதிகாரியை நம்ப வைக்க வேண்டும்.

கவனித்தீர்களா? பயிருக்கு என்றால் மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. அது போதாது என்று காட்டினால் உள்ளே வரியில்லாத வேறு துப்பாக்கி. .22 என்றால் இலக்குப் பயிற்சி. நான் பயிருக்கு .22 கேட்டேன். இந்த வரிசையின் காரணத்தையும் அந்த வரிசையின் துப்பாக்கியையும் சேர்த்து எழுதியதில் இரண்டு கதவும் சாத்திக்கொண்டன. இதே .22 ரைபிளை, கிளப்பில் சேர்ந்து, இலக்குப் பயிற்சிக்கு என்று ஒரே ஒரு வரி எழுதிக் கேட்டிருந்தால் முதல் தடவையே என் பக்கம் சட்டம் நின்றிருக்கும்.

சரி, நிராகரித்தால் மறுபடி எழுதிப் போட்டால் போயிற்று என்று நினைக்காதீர்கள். அடுத்த விண்ணப்பத்தில் இதற்கு முன் கேட்டிருக்கிறீர்களா, எங்கே, என்ன ஆயிற்று என்று ஒரு கேள்வி இருக்கும். அதற்கு உண்மையை எழுதியே ஆக வேண்டும், மறைத்தால் அது இன்னொரு குற்றம். என்னுடைய இரண்டாவது விண்ணப்பத்தைப் பார்த்த ஒவ்வொருவரும் முதலாவதை எடுத்துப் பார்த்தார்கள். ‘வேட்டை என்று எழுதியவர்’ என்ற பேரோடு ஒவ்வொரு மேசைக்கும் போனேன். நிராகரிப்புக்கான காரணத்தை எழுத்தில் கேட்கவும், 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யவும் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் தப்பான காரணத்தை எழுதிவிட்டு மேல்முறையீட்டில் எதை வாதாடுவது?

மூன்றாவது ஓட்டை, விளம்பரத் தாள். விசாரணைக்கு வந்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மோர் குடித்து, தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் மெதுவாகக் கேட்டார்: “இந்த சைலன்சர் யாருக்குங்க?”

எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. வேலி ஓரம் நின்ற பக்கத்துக் காட்டுக்காரர் காதில் அது விழுந்தது. அன்று மாலைக்குள் டீக்கடையில் நான் கூலிப்படைத் தலைவன் ஆகிவிட்டேன்.

ஆயுத விதிகளின் முதல் அட்டவணையில், முதல் வகையிலேயே, துப்பாக்கியின் சத்தத்தையோ வெளிச்சத்தையோ குறைக்கும் துணைப்பொருள்கள் இருக்கின்றன. ராணுவ ரகத் துப்பாக்கிகள் வரும் அதே வகை. சாதாரணக் குடிமகனுக்குக் கிடைக்காத பட்டியல் அது. வேறு நாட்டில் கடையில் தொங்கினாலும், ஆன்லைனில் ‘எண்ணெய் வடிகட்டி’ என்று வேறு பேரில் விற்றாலும், நம் வாசலுக்கு வந்தால் ஆயுத வழக்குதான். 2019 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு ஆயுதக் குற்றங்களுக்கான தண்டனையும் ஏறிவிட்டது.

மரையைப் பற்றி இன்னொன்று. மரை வெட்டிய குழல் வைத்திருந்தாலே குற்றம் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. ஆனால் நம் பக்கம் அது எங்கிருந்து வரும்? திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி ராடுக்கு நாள் முழுக்க மரை வெட்டுகிற லேத் பட்டறைகள் இருக்கின்றன. கைதேர்ந்தவர்கள். எனக்கே ஒருவர், “கொண்டாங்க மாமா, அரை மணி நேர வேல” என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் துப்பாக்கியைப் பழுது பார்க்கவோ மாற்றவோ அதற்கென்று லைசென்ஸ் வாங்கியவர் தவிர வேறு யாரும் கை வைக்கக் கூடாது. அந்த அரை மணி நேரத்தில் அவரும் உள்ளே, நீங்களும் உள்ளே. பழைய துப்பாக்கி விற்பனைக்கு வந்து குழல் முனையில் புது மரை பளபளத்தால், அதன் கதையை விசாரிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு, சத்தமில்லாத ரைபிள் என்ற ஆசை இன்னும் போகவில்லை என்கிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. அந்த வீடியோக்களில் பாதி மௌனம் சைலன்சரால் வருவதே இல்லை. துப்பாக்கிச் சத்தம் இரண்டு வகை. குழல் வாயில் வாயு வெடித்து வருவது ஒன்று. குண்டு ஒலியை விட வேகமாகப் போகும்போது காற்றைக் கிழிக்கிற சடக் சத்தம் இன்னொன்று. இந்த இரண்டாவதை எந்த சைலன்சரும் அடக்காது. 20 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர், நம் சித்திரை வெயிலில் 38 டிகிரி அடிக்கும்போது 354-ஐத் தொடும். போட்டிகளில் பயன்படும் சாதாரண வேக .22 தோட்டா நொடிக்கு 325 மீட்டர் அளவில்தான் போகும். அதனால் கிழிக்கிற சத்தமே வராது. அதிவேகத் தோட்டா 380-ஐ ஒட்டிப் போகும், அதற்குச் சத்தம் உண்டு. மேலும் .22-இல் மருந்து மிகக் குறைவு, 16 அங்குலக் குழலுக்குள்ளேயே எரிந்து முடிந்துவிடும். 24 அங்குலக் குழலில் சாதாரண வேகத் தோட்டா சுட்டுப் பாருங்கள், சத்தம் தணிந்தே இருக்கும். ஆக, மரை வெட்டிய குட்டைக் குழலை விட நீளக் குழலே நமக்கு லாபம். மச்சினனிடம் இதைச் சொன்னேன். அவன் பேச்சை மாற்றி அங்கத்திய குளிரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான்.

இரண்டாம் முறை நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது எல்லோருக்கும் ஒன்றுதான். அங்கீகாரம் பெற்ற கிளப்பில் சேர வேண்டும். 1951-இல் தொடங்கிய தேசிய ரைபிள் சங்கம், அதன் கீழ் மாநில சங்கம், அதன் கீழ் கிளப்புகள் என்று ஒரு படி இருக்கிறது. கிளப் அந்தப் படியில் உண்மையிலேயே இருக்கிறதா என்று கடிதத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள், பெயர்ப்பலகையை நம்பாதீர்கள். பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, மருத்துவச் சான்று, வைக்க இடம், போலீஸ் விசாரணை. மாவட்டத்தில் ஆட்சியர், சேலம் மாநகரத்துக்குள் என்றால் காவல் ஆணையர். லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்கு. 2019-க்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம், போட்டி வீரர்களுக்குத் தனி விலக்கு உண்டு. தாத்தாவின் ஒத்தக்குழலைப் பேருக்கு மாற்றி வைத்திருந்தால் ஓர் இடம் ஏற்கெனவே போய்விட்டது.

சேரும்போதே ஏர் ரைபிளில் தொடங்கச் சொல்வார்கள். கசப்பாக இருந்தாலும் கேளுங்கள். 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட சக்தியும் இருந்தால் 2016 விதிப்படி லைசென்ஸ் வேண்டாம், இரண்டில் எது மீறினாலும் வேண்டும். எனக்கு ஒரு கடைக்காரர் பெரிய குழல் ரகத்தை எடுத்துக் காட்டி, “இதுக்கெல்லாம் யாருங்க கேக்கப் போறா” என்றார். கேட்பார்கள். வாங்கவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை. லைசென்ஸ் வேண்டாத ஏர் ரைபிள் என்பதால் கௌதாரியை அடிக்கலாம் என்று நினைக்கிற புத்திசாலிகளும் இருக்கிறார்கள். வன உயிரினச் சட்டம் எந்தக் கருவி என்று பார்ப்பதில்லை, கவணில் அடித்தாலும் வேட்டைதான்.

ரைபிளுக்கு வருவோம். நம் நாட்டில் சாதாரண ஆள் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய முடியாது, பெயர் பெற்ற போட்டி வீரர்களுக்குத்தான் அந்த வழி. ஆகவே உங்களுக்கு இருப்பது இரண்டு. ஒன்று, கொல்கத்தா பக்கம் இஷாப்பூரிலிருந்து வரும் அரசுத் தொழிற்சாலை ரைபிள். 2021 அக்டோபருக்குப் பிறகு அது அரசு கம்பெனியின் கீழ் போய்விட்டது. இன்னொன்று, இறக்குமதி நிற்பதற்கு முன் வந்த பழைய பர்னோ, பி.எஸ்.ஏ. போன்றவை. நான் இரண்டாவதற்குப் போனேன். ஏற்காட்டு எஸ்டேட் குடும்பம் ஒன்று பெரியவர் காலமானதும் விற்ற துப்பாக்கி. விலை அதிகம் என்று வீட்டில் இன்னும் சொல்கிறார்கள். விலை அதிகம்தான். ஆனால் அந்த போல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தவர்கள் அதற்கப்புறம் எதுவும் பேசுவதில்லை.

பழையது வாங்கும்போது பளபளப்பையும் மரக்கட்டையையும் விட்டுவிடுங்கள். .22 தோட்டா அடிப்பகுதி விளிம்பில் அடிபட்டுப் பற்றுவது. தோட்டா இல்லாமல் வெறுமனே சுட்டுச் சுட்டு விளையாடிய துப்பாக்கியில், அடிமுள் நேராகக் குழலின் பின்வாயிலேயே இடித்துப் பள்ளம் ஆக்கியிருக்கும். டார்ச் அடித்து அந்த இடத்தைப் பாருங்கள். எஸ்டேட் வீட்டுப் பேரப் பிள்ளைகள் விளையாடிய துப்பாக்கிகளில் இது சாதாரணம். குழலின் முன்முனையில் சின்ன வெட்டு இருந்தாலும் குண்டு ஒரு பக்கமாகவே போகும். மேகசின் அதனுடையதுதானா என்று பொருத்திப் பாருங்கள், தொலைந்துபோன பழைய மேகசினைத் தேடி அலைவது போன்ற வேலை வேறில்லை. காலித் தோட்டாவைக் கவ்வி இழுக்கும் கொக்கி தேய்ந்திருந்தால் கிளப்பிலேயே தெரிந்துவிடும். முடிந்தால் அங்கே சுட்டுப் பார்த்த பிறகுதான் விலை பேசுங்கள். ஒரே ரைபிள் ஒரு தோட்டாவுக்கு அழகாகச் சுடும், இன்னொன்றுக்குச் சிதறும். 50 மீட்டரில் இரண்டு மூன்று வகையை மாற்றிச் சுட்டுப் பார்த்து, பிடித்ததை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். லைசென்ஸில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது என்பதை மறக்க வேண்டாம்.

கை மாற்றும்போது அவசரம் கூடாது. விற்கிறவர் லைசென்ஸ் அதிகாரிக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் ஆன பிறகுதான் சட்டப்படி கைமாற வேண்டும். என்னிடம் விற்ற குடும்பம் மரியாதையானவர்கள், ஒரு நாள்கூடக் குறைக்கவில்லை. எனக்கு அறிமுகமான இன்னொருவர் பத்து நாளில் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பிறகு பட்ட பாட்டை அவரே சொல்லட்டும்.

சமவெளிக்காரர்கள் எல்லோரும் கேட்டே ஆக வேண்டிய ஒன்று. 2.6 கிராம் குண்டுதானே என்று இளக்காரமாக நினைக்காதீர்கள். மேல்நோக்கிச் சுட்டால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் போகும். நம் ஊரில் ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் கோழிப்பண்ணை இருக்கும், களையெடுக்கிற பெண்கள் இருப்பார்கள், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் இருப்பார்கள். நியூசிலாந்து வீடியோவில் பின்னால் மலைச்சரிவு இருக்கிறது, ஆளே இல்லை. நாமக்கல் காட்டில் அப்படி ஒரு இடத்தைக் காட்டுங்கள் பார்க்கலாம். என் ரைபிள் கிளப் தவிர வேறெங்கும் உறையை விட்டு வந்ததில்லை.

தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். காவல் நிலையமோ, லைசென்ஸ் பெற்ற கடையோ, எங்கே கொடுத்தாலும் துப்பாக்கி நம்பரும் மேகசின் எண்ணிக்கையும் எழுதிய ரசீது வாங்குங்கள். எண்ணெய் தடவிக் கொடுங்கள். ஐப்பசி மழையில் திரும்பி வரும்போது குழல் பழுப்பாக இருந்தால் யாரைக் கேட்பது?

அப்படியானால் பன்னிக்கு என்ன வழி என்று இன்னும் கேட்பீர்கள். நீங்கள் துப்பாக்கி வைத்திருப்பதால் பன்னியைச் சுடும் உரிமை வராது. பயிரை அழிக்கும் விலங்கைச் சுட எழுத்தில் அனுமதி கொடுக்கும் அதிகாரம் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கும், அவர் அதிகாரம் கொடுத்த அலுவலருக்கும்தான். 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முறையைக் கொண்டுவந்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றுக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். விவசாயி சுடலாம் என்று அதில் எங்கும் இல்லை. என் காடு முதல் கிலோமீட்டருக்குள் வருகிறது. ஆக எனக்கு இருந்தது சேதத்துக்கு மனு எழுதுவதும் வேலி போடுவதும்தான். சேதம் நடந்த அன்றே படம் எடுத்து, சர்வே எண்ணோடு, அடங்கல் நகலோடு கொடுங்கள். நாலு நாள் கழித்து மழை பெய்த பிறகு கொடுத்தால் தடயமே இருக்காது.

கிழங்கைக் காப்பாற்றியது கடைசியில் சோலார் வேலிதான். என் ரைபிள் அதற்கு ஒரு கிழங்கின் விலைகூடப் பிரயோஜனப்படவில்லை. அது வேறு ஆசை, வேறு சந்தோஷம், அதை நான் யாருக்கும் நியாயப்படுத்தத் தேவையில்லை. சோலார் வேலிக்கும் 2023-ஆம் ஆண்டு மின்வேலி விதிகள் இருக்கின்றன, வனத்துறையில் பதிவு செய்துகொண்டுதான் போட வேண்டும். லைன் கரண்டை நேராகக் கம்பியில் கொடுத்துவிட்டு வீட்டில் போய்ப் படுக்கிறவர்கள் தயவுசெய்து என்னிடம் யோசனை கேட்டு வராதீர்கள்.